சாய்தளம், சுற்றுப்பாதை: முதலில் முடுக்கத்தின் திசையைப் பாருங்கள்

சாய்தளம், சுற்றுப்பாதை என்ற இந்த இரண்டு வகை இயற்பியல் கணக்குகளிலும் சூத்திரம் தெரிந்தவர்களே அதிகம் தப்பு விடுகிறார்கள், படம் போடுவதற்கு முன்பே சூத்திரத்தில் கை வைத்துவிடுவதால். பொருளைத் தனியே வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போடுங்கள். பிறகு முடுக்கம் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஓர் அச்சை அந்தத் திசையிலேயே வையுங்கள்.

30° சாய்தளத்தில் 5 கி.கி. கட்டை. சறுக்கினால் தளத்தை ஒட்டித்தான் சறுக்கும். ஆகவே ஓர் அச்சு தளத்தை ஒட்டி, இன்னொன்று அதற்குச் செங்குத்தாக. எடை 49 நியூட்டன். தளத்தை ஒட்டிக் கீழே இழுக்கும் கூறு 49 × சைன் 30° = 24.5; செங்குத்து விசை, அதாவது தளம் தனக்குச் செங்குத்தாகக் கட்டையைத் தள்ளும் விசை, 49 × காஸ் 30° = 42.4. சைனா காஸா என்று குழம்பினால் கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். சமதளத்தில் கட்டையைச் சறுக்க வைக்கும் கூறு இருக்கக் கூடாது, எனவே அது சைன்தான்.

உராய்வில்தான் பலர் விழுகிறார்கள். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (நிற்கும் பொருளுக்கு உராய்வின் உச்சம் செங்குத்து விசையில் எத்தனை பங்கு என்பது) 0.7 என்றால் 0.7 × 42.4 = 29.7 என்று போட்டு, 24.5-இலிருந்து கழித்து, −5.2 என்கிறார்கள். அப்படியானால் யாரும் தள்ளாமலே கட்டை மேலே ஏற வேண்டும்! 29.7 என்பது உராய்வு தரக்கூடிய உச்சம். கட்டையை நிறுத்தி வைக்க 24.5 போதும், உராய்வும் அவ்வளவே. குணகம் 0.4 என்றால் உச்சம் 17தான், கட்டை சறுக்கும். அதன்பிறகு, நகரும் பொருளுக்கான இயக்க உராய்வுக் குணகத்துக்கு மாறுங்கள். அது 0.3 எனில் உராய்வு 12.7, நிகர விசை 11.8, முடுக்கம் ஏறக்குறைய 2.4 மீ/வி².

வளைவில் சரித்துப் போட்ட சாலையும் சாய்தளம்தானே என்று அதே அச்சுகளை வைக்காதீர்கள். அங்கே கார் சரிவில் இறங்குவதில்லை. முடுக்கம் கிடைமட்டமாக வளைவின் மையத்தை நோக்கியிருக்கிறது. உராய்வு இல்லை என்று கொண்டால், செங்குத்து விசையின் மேல்நோக்கிய கூறு எடையைத் தாங்குகிறது. எனவே செங்குத்து விசை எடை ÷ காஸ், எடையைவிடக் கூடுதல். எடை × காஸ் என்று மனப்பாடம் செய்தவருக்கு இங்கே விடை கிடைக்காது.

துணைக்கோளுக்குப் படத்தில் ஒரே அம்புதான்: பூமியின் மையத்தை நோக்கிய ஈர்ப்பு. மையநோக்கு விசை (வட்டத்தில் சுற்ற வைக்க மையத்தை நோக்கித் தேவைப்படும் விசை) என்று இரண்டாவது அம்பு போட்டால் கணக்கு கெட்டது. ஈர்ப்பே அந்த வேலையைச் செய்கிறது. ஈர்ப்பை, தேவையான மையநோக்கு விசையான நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரத்துக்குச் சமன் செய்தால் துணைக்கோளின் நிறை அடிபட்டுப் போகும்; வேகத்தின் வர்க்கம் = ஈர்ப்பு மாறிலி × பூமியின் நிறை ÷ பூமியின் மையத்திலிருந்து அளந்த சுற்றுப்பாதை ஆரம். இதில் ஈர்ப்பு மாறிலி × பூமியின் நிறை என்ற பெருக்கல் 3.986 × 10¹⁴ மீ³/வி². மாறிலியும் நிறையும் தராத கணக்கில் அந்தப் பெருக்கலுக்குப் பதிலாக 9.8 (தரையில் ஈர்ப்பு முடுக்கம்) × பூமி ஆரத்தின் வர்க்கம் என்று போடலாம்.

400 கி.மீ. உயரம் என்றால் ஆரம் 6,370 + 400 = 6,770 கி.மீ., அதாவது 6.77 × 10⁶ மீ. வேகம் 7.67 கி.மீ./வி, சுற்றுக்காலம் சுமார் 92 நிமிடம். பூமியின் ஆரத்தைக் கூட்ட மறந்தால் 31.6 கி.மீ./வி வரும், பூமியின் ஈர்ப்பை விட்டே தப்பிப் போகத் தரையிலிருந்து தேவைப்படும் விடுபடு வேகமே 11.2தான். கிலோமீட்டரை மீட்டராக்க மறந்தால் 243 கி.மீ./வி. பூமியைச் சுற்றும் எதற்கும் 7.9-க்கு மேல் வட்டப்பாதை வேகம் வந்தால் ஆரத்தைத் திரும்பப் பாருங்கள்.

விகிதம் மட்டும் கேட்டால் எண்களே வேண்டாம்: சுற்றுக்காலத்தின் வர்க்கம் ஆரத்தின் கனத்துக்கு நேர்விகிதம். ஆரம் 4 மடங்கானால் 4³ = 64, அதன் வர்க்கமூலம் 8; சுற்றுக்காலம் 8 மடங்கு.