பெரிய வளவுக்குப் பல தண்டு மரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பெரிய வளவோடு வீடு கட்டுகிறவர்கள் சிலர் சில்வர் பேர்ச் மரம் தேடுகிறார்கள். அடியிலேயே மூன்று, நான்கு தண்டாகப் பிரிந்து, வெள்ளைப் பட்டையோடு நிற்கும் மரம். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நம் மலைக்கு அதைக் கொண்டுவர நினைப்பதே முதல் தவறு.

இங்கேயும் குளிர்தானே என்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். சரி, பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடுகிறதே! பேர்ச்சின் மொட்டு ஒழுங்காக விரிய, வாரக்கணக்கில் விடாத குளிர் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பகல் நேரம். வட ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரத்தையும் தாண்டும். அந்த நீளப் பகலில்தான் இந்த மரம் வளரும். பகல் குறுகினால் நுனி மொட்டை மூடிக்கொண்டு நின்றுவிடும். நமக்கோ வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். உரம் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் பையில் கன்று கொண்டுவரச் சொல்வதும் வேண்டாம். விவசாயத் திணைக்கள அனுமதியில்லாமல் உயிர்ச்செடி கொண்டுவருவது சட்டப்படி பிழை. வேர் மண்ணோடு ஒரு நோய் வந்தால் அடி வாங்குவது நம் தேயிலையும் மரக்கறியும்தான்.

எந்த மரமானாலும், தண்டுகள் பிரியும் இடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். குனிந்து, இரண்டு தண்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். அகலமாக வளைந்து பிரிந்திருந்தால் நல்லது. ஒட்டி நெருங்கி, பட்டை உள்ளே மடிந்து கறுத்த கோடாகத் தெரிந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். தண்டு பருத்த பிறகு ஜூன், ஜூலைக் காற்றில் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். ஒரே பையில் மூன்று கன்றை நட்டு, பல தண்டு மரம் என்று விற்கும் நாற்றுத் தவறணைகளும் உண்டு. அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கினால் விஷயம் தெரிந்துவிடும்.

அப்படியானால் எதை நடுவது? என் முதல் தெரிவு தேயிலைதான். கவ்வாத்துப் பண்ணாமல் விட்டால் தேயிலை மரமாகும் என்பதை, அதன் நடுவே வாழும் நாமே மறந்துவிடுகிறோம். வளவில் பழைய செடி இருந்தால் ஒருமுறை தாழ வெட்டி, துளிர்ப்பதில் நன்றாக இடம்விட்டு நிற்கும் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். சில வருடத்தில் வெளிர்சாம்பல் பட்டையோடு தண்டுகள் எழும்பும். மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூக்கும். ஆனால் விதையில் வந்த செடியாக இருக்க வேண்டும். வீ.பீ. செடி தண்டுத் துண்டிலிருந்து வந்தது, அதற்கு ஆணிவேர் இல்லை. உயர வளர்ந்தால் காற்றுக்குச் சாயும்.

ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மலும் (ரோடொடென்ட்ரன்) அருமையான மரம். அங்கிருந்து பிடுங்கி வரக்கூடாது, அது தேசிய பூங்கா. தவறணையில் வளர்த்த கன்று கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஈரம் தேங்கும் இடமானால் முதலில் கான் வெட்டி நீரை வடியவிட்டு, தண்டு பிரியும் இடம் மண்ணுக்குள் போகாதபடி நடுங்கள். தேயிலைக்குப் போடுகிற பழக்கத்தில், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட்டை மகாரத்மலின் அடியில் தூவிவிட வேண்டாம். இதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், மண்ணின் புளிப்புக் குறைந்தால் இலை மஞ்சளாகிவிடும்.