பழைய ஆர்15-க்குப் புதுச் சட்டை: முதல் பதிப்பு வண்டியில் இரண்டாம் பதிப்பு ஃபேரிங் மாட்டும் முறை

யமஹா ஆர்15 முதல் பதிப்பு 2008-இலும் இரண்டாம் பதிப்பு 2011-இலும் வந்தன. இரண்டிலும் நீர்க்குளிர்வு கொண்ட 150 சிசி எஞ்சின்தான், இரண்டிலும் டெல்டாபாக்ஸ் சட்டகம்தான். இதை வைத்துக்கொண்டு, "அப்படியே உட்கார்ந்துவிடும், போல்ட்டை மட்டும் மாற்றினால் போதும்" என்று பழைய உதிரிபாகக் கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. ஃபேரிங், அதாவது வண்டியை முன்னும் பக்கமும் மூடும் பிளாஸ்டிக் பலகைகள், உட்காரும்; அதற்கு அடியில் இருக்கும் இரும்பு நேராக இருந்தால் மட்டும்.

கிருஷ்ணகிரியில் என் வீட்டு வாசலிலேயே இந்த வேலையை முடித்தேன். பட்டறை தேவையில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். போல்ட் எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்பதிலிருந்து தொடங்கப் போவதில்லை.

முதலில் ஒரு முடிவு எடுங்கள். முன்பக்கம் மட்டுமா, வாலும் சேர்த்தா? என் கருத்து, முன்பக்கத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் பதிப்பின் வால், பிரிந்த இருக்கையோடும் 130 அளவு பின் டயரோடும் சேர்த்து வரையப்பட்டது. முதல் பதிப்பில் இருப்பது 100 அளவு டயர். சக்கர இடைவெளியும் 1290 மில்லிமீட்டரிலிருந்து 1345-க்கு நீண்டிருக்கிறது. மெலிந்த டயருக்கு மேலே அந்த வாலைத் தூக்கி வைத்தால் வண்டி பின்னால் எதையோ தொலைத்தது போலத் தெரியும். அதற்காக இருக்கைச் சட்டத்தை அறுத்து வெல்டிங் வைக்கிறவர்களும் உண்டு. ஆள் உட்காரும் இடத்தில் வெல்டிங் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

வாங்கும்போது

நமக்குப் பெங்களூரு பக்கம். சிவாஜி நகர்ப் பக்கம் போனால் பழைய உதிரிபாகங்கள் கிடைக்கும். பலகைகளைத் திருப்பி உட்புறம் பாருங்கள். ஏபிஎஸ் அல்லது பிபி என்று பிளாஸ்டிக்கின் வகை ஆங்கில எழுத்துகளில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். ஏபிஎஸ் என்றால் விரிசலை வீட்டிலேயே ஒட்டலாம்: அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த கூழைத் தடவி, உள்ளே மெல்லிய கம்பி வலை பதித்துவிட்டால் போதும். பிபி அசிட்டோனுக்குக் கரையாது. அதில் விரிசல் இருந்தால் வாங்காதீர்கள்.

பலகைகளோடு முன் ஸ்டே (முகப்பைத் தாங்கும் இரும்புச் சட்டம்), பக்கக் கண்ணாடிப் பிடிப்புகள், ரப்பர்கள், கிளிப்புகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கு அவை குப்பை. உங்களுக்கு வேலையின் பாதி அவைதான். புதிய நகல் செட்டின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கீறல் விழுந்த அசல் பலகையே என் தேர்வு. நகலில் துளைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்பது சாதாரணம்.

கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு பலகையின் திருகுகளையும் அந்தப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். ஒயர்கள் போகும் வழியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் டி-ஸ்பானர் ஒன்று, நல்ல ஆலன் கீ செட் ஒன்று, நல்ல ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. பேட்டரி டிரில்லைக் கொண்டு பிளாஸ்டிக்கில் திருகு முடுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பதறும்.

ஸ்டே: எல்லாம் இதில்தான் இருக்கிறது

ஹெட்லைட்டையும் முகப்பையும் தாங்கிக்கொண்டு ஸ்டியரிங் தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம்தான் ஸ்டே. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டி ஒரு முறையாவது விழுந்திருக்கும். விழும்போது கண்ணாடி தரையில் பட்டு ஸ்டே வளையும். பழைய பலகைகள் அந்த வளைவுக்குப் பழகி, தாங்களும் நெளிந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. புதிய பலகை வைத்ததும் இடது பக்கம் உட்காரும், வலது பக்கத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி தெரியும். எனக்கு அதிக நேரம் தின்றது இந்த இடம்தான்.

சோதிக்கும் விதம் இது. வண்டியை மட்டமான தரையில் ஸ்டாண்ட் போட்டு நேராக நிறுத்துங்கள். ஹேண்டில் நடுவில் இருக்க வேண்டும். சட்டகத்தின் இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும் ஒரு ஜோடி போல்ட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றிலிருந்து ஸ்டேயின் கண்ணாடித் துளைகளுக்கு நூல் பிடித்து அளங்கள்: இடது போல்ட்டிலிருந்து வலது துளை, வலது போல்ட்டிலிருந்து இடது துளை. இந்தக் குறுக்களவுகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டேயைக் கழற்றி வைஸில் பிடித்து நிமிர்த்த வேண்டும். வண்டியில் இருக்கும்போதே குழாய் போட்டு நெம்பினால், சட்டகத்தில் ஸ்டேயைப் பிடித்திருக்கும் காது (போல்ட் துளை உள்ள இரும்புத் துண்டு) விரிசல் விடும்.

ஸ்டே நேரானதும் மாட்டும் வரிசை: ஹெட்லைட், முகப்பு, பக்கப் பலகைகள், கடைசியில் வயிற்றுப் பலகை. எந்தத் திருகையும் முடுக்காதீர்கள். இரண்டு மூன்று சுற்று பிடித்தால் போதும், பலகைகள் தொங்கட்டும். எல்லாம் தொங்கிய பிறகு தள்ளி நின்று இடைவெளிகளைப் பாருங்கள், கையால் தட்டிச் சரிசெய்யுங்கள், பிறகு முகப்பிலிருந்து பின்னோக்கி, இடது வலது மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு துளை மட்டும் கொஞ்சம் விலகி நின்றால் உருட்டு அரத்தால் பிராக்கெட்டின் துளையை நீளமாக்குங்கள். இரும்பை ராவலாம், பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

புஷ்ஷும் ரப்பரும்

ஃபேரிங் துளைகளில் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் ஒரு குட்டி இரும்புக் குழாய். அந்தக் குழாய்தான் புஷ். போல்ட்டை முடுக்கும்போது அழுத்தம் புஷ்ஷின் மேல் இறங்கி நின்றுவிடும். பலகை ரப்பரில் மிதந்துகொண்டிருக்கும். புஷ் இல்லாமல் முடுக்கினால் முழு அழுத்தமும் பிளாஸ்டிக்கில் விழுந்து, கொஞ்ச நாளில் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் ஓடும். பழைய செட்டில் பெரும்பாலும் புஷ் தொலைந்திருக்கும்.

நம் பக்கத்தில் இதற்குக் கவலை இல்லை. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமா? நான் போன பட்டறையில் அளவு எழுதிய தாளை நீட்டினேன். அந்த அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. "தம்பி, ரப்பரைக் கொண்டுவந்தீர்களா?" என்றார். ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்து, அதன் உயரத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவாகப் புஷ்ஷைக் கடைந்து கொடுத்தார். அந்த அரை மில்லிமீட்டர்தான் ரப்பரை மெல்ல இறுக்கிப் பிடித்து அதிராமல் வைக்கிறது. அதனால் அளவோடு ரப்பரையும் எடுத்துப் போங்கள்.

ஓட்டுவதற்கு முன்

ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். கிளட்ச் பிடி, பிரேக் பிடி, கட்டைவிரல் எதுவும் ஃபேரிங்கைத் தொடக்கூடாது. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு இதையே மறுபடி செய்யுங்கள். திருப்பும்போது எஞ்சின் வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அப்படியே சாலைக்குப் போகாதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை முழு பலத்தோடு அழுத்தி, மட்கார்டு எங்காவது உரசுகிறதா என்று வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்வரை எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். விசிறிக்குப் பின்னால் வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா, சைலன்சர் குழாய்க்கும் வயிற்றுப் பலகைக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் சுவரில் ஹெட்லைட் அடித்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஒயர் இணைப்புகளில் நிறத்தை நம்பாதீர்கள். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து இணையுங்கள்.

பெயிண்ட்

எல்லாம் மாட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றிய பிறகுதான் பெயிண்ட். பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். ஆடியில் மட்டும் இதைத் தொடாதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் ஈரப் பெயிண்ட் எத்தனை மண்ணை வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். நிறம் அதில் பதிவான விவரம். கிருஷ்ணகிரி 24, தருமபுரி 29, ஓசூர் 70 என்று எந்த எண்ணில் பதிவு இருக்கிறதோ அந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. நான் பழைய நிறத்திலேயே அடித்தேன், அலைச்சல் மிச்சம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கிய சிலர், குறிப்பிட்ட வேகத்தில் முகப்பிலிருந்து 'கிர்ர்' என்று சத்தம் வருவதாக எழுதினார்கள். திருகை இன்னும் முடுக்காதீர்கள். ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பலகையாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அதன் ஓரத்தில் உட்புறமாக ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள். பெரும்பாலும் முகப்பும் பக்கப் பலகையும் சேரும் இடமாக இருக்கும்.

மூன்றாம் பதிப்பின் சட்டையை முதல் பதிப்புக்குப் போடலாமா என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டார். 2018-இல் வந்த அந்த வண்டியில் எஞ்சினே 155 சிசி. முகப்பு விளக்கு எல்இடி. டேங்க், இருக்கை, பக்கப் பலகை சேரும் கோடு எல்லாம் வேறு வடிவம். ஒன்றை மாற்றினால் அடுத்ததையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்குப் பழைய மூன்றாம் பதிப்பு வண்டியையே விலை விசாரித்துவிடுங்கள்.