வன்னி மண்ணில் அகன்ற ரயர் மலைச்சைக்கிள்: காற்றை அளந்து ஓடும் முறை

வன்னியில் ஏறி இறங்க மலை இல்லை. ஆனாலும் அகன்ற ரயர் பூட்டிய மலைச்சைக்கிளுக்கு இவ்வளவு பொருத்தமான நிலம் இலங்கையில் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். ஏ-9 வீதியின் தாரை விட்டு இறங்கினால் கிறவல் வீதி, அதற்கு அப்பால் குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், காட்டுப்பாதை, கிழக்கே போனால் கடற்கரை மணல் என ஒரே நாளில் ஐந்தாறு வகைத் தரையைச் சக்கரம் சந்திக்கிறது. இவை அனைத்தையும் ஒரே சைக்கிளால் கடக்கலாம். ஒரே காற்றழுத்தத்தால் கடக்க முடியாது. இத்தகைய சைக்கிளைப் புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் கியரையும் பிரேக்கையும் பற்றியே விசாரிக்கின்றனர். அவர்கள் முதலில் பழக வேண்டியது காற்றை அளந்து, தரைக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதைத்தான்.

சாதாரண மலைச்சைக்கிளின் ரயர் 2.1 முதல் 2.4 அங்குலம் வரை அகலமானது. 'பிளஸ்' என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் 2.8 அல்லது 3 அங்குலம், 3.8 அங்குலத்தைத் தாண்டியவை 'ஃபாட்' வகையைச் சேர்ந்தவை. சேர்லி என்னும் அமெரிக்கச் சைக்கிள் நிறுவனம் 2012இல் 29 அங்குலச் சக்கரத்தில் 3 அங்குல ரயருடன் கிராம்பஸ் என்னும் சைக்கிளை அறிமுகப்படுத்தியதும், 2014இல் 27.5 அங்குலச் சக்கரத்துக்கான 2.8 அங்குல ரயர் வந்ததும் இந்த இடைப்பட்ட அளவைப் பரவலாக்கின. 27.5 அங்குலச் சக்கரத்தில் இந்த அகன்ற ரயரைப் பூட்டும்போது அதன் வெளிவிட்டம், மெல்லிய ரயர் பூட்டிய 29 அங்குலச் சக்கரத்துக்கு நெருங்கி வருகிறது. ஆகவே 29 அங்குலச் சட்டகங்கள் சிலவற்றில் இதை மாற்றிப் பூட்டலாம்.

எல்லாச் சட்டகங்களிலும் அது சாத்தியமில்லை. வாங்கும் முன்பு பின்சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள கவைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். ரயரின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். புதிய ரயர் சில வாரம் ஓடியபின் சற்று விரிந்துகொடுக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ரயரின் பக்கச்சுவரில் 71-584 என்று அச்சிட்டிருந்தால் அதன் அகலம் 71 மில்லிமீற்றர், அதாவது 2.8 அங்குலம், 584 என்பது அது பொருந்தும் ரிம்மின் விட்டம். 29 அங்குலச் சக்கரத்தில் அந்த இடத்தில் 622 என்றும், பழைய 26 அங்குலச் சக்கரத்தில் 559 என்றும் இருக்கும். ரிம்மின் உள் அகலம் 35 முதல் 45 மில்லிமீற்றர் வரை இருப்பது நல்லது. ஒடுங்கிய ரிம்மில் அகன்ற ரயரைப் பூட்டினால், காற்றைக் குறைத்தவுடன் திருப்பங்களில் ரயர் பக்கவாட்டில் நெளியத் தொடங்கும்.

இனிக் காற்று. 3 அங்குல ரயர் 2.1 அங்குல ரயரைவிட ஏறத்தாழ இரு மடங்கு காற்றைக் கொள்கிறது. அதனாலேயே மிகக் குறைந்த அழுத்தத்திலும் உங்கள் எடையைத் தாங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ரியூப் போட்ட 2.8 அங்குல ரயரில் முன்சக்கரத்துக்கு 15 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் காற்றழுத்த அளவு), பின்சக்கரத்துக்கு 17 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். எடை கூடியவர்களும் பின்காரியரில் பொதி ஏற்றுபவர்களும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிள் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் உள்ள அளவிகள் பெரிய அழுத்தங்களுக்கானவை. 15க்கும் 18க்கும் உள்ள வேறுபாடு அவற்றின் முள்ளில் தெரியவே தெரியாது. மெல்லிய ரயருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. அகன்ற ரயருக்கோ அது சைக்கிளின் குணத்தையே மாற்றிவிடும். பெருவிரலால் அமுக்கிப் பார்க்கும் வழக்கமும் இங்கே உதவாது. 0 முதல் 30 வரை காட்டும் சிறிய அளவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; இந்தச் சைக்கிளுக்காகச் செலவிடும் பணத்தில் மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

வெயிலையும் மறக்கக் கூடாது. காலையில் நிழலில் அளந்த 15 பிஎஸ்ஐ, சைக்கிளை ஆவணி மாத நண்பகலில் வெளியில் சாத்தி வைத்தால் அப்படியே இருக்காது. உள்ளிருக்கும் காற்று 20 பாகை செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ உயரும். மணலில் இறங்கும் முன்பு அளக்காமல் விட்டால், காலையில் சரியாக ஓடிய சைக்கிள் மதியத்தில் ஏன் துள்ளுகிறது என்பது புரியாது.

கிறவல் வீதியில் தொடங்குவோம். துணுக்காய், மல்லாவிப் பக்கத்து உள்வீதிகளைப் போல உழவு இயந்திரங்களும் ரிப்பர்களும் ஓடி ஓடி அலையலையாக வரிந்து கிடக்கும் தரையில், முன்பு சொன்ன தொடக்க அழுத்தத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ குறையுங்கள். அகன்ற ரயர் அதிர்வை விழுங்கும் என்பது உண்மை. ஆனால் விழுங்கியதை அடக்கிவைக்கும் பொறி அதற்குள் இல்லாததால், காற்று சற்றுக் கூடினாலும் பந்துபோலத் திருப்பி எறியும். வரிகளின் மேல் சைக்கிள் ஒரே தாளத்தில் துள்ளத் தொடங்கினால், அது காற்றைக் குறைக்க வேண்டும் என்பதன் அடையாளம். முழங்கையை மடித்து, இருக்கையிலிருந்து சற்று எழும்பி, வீதியின் ஓரத்தில் வரி குறைந்த பகுதியைப் பிடித்துச் செல்லுங்கள். திருப்பத்தில் உதிரிக் கிறவல் கிடந்தால் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். திரும்பிக்கொண்டிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால், ரயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வழுக்கும்.

மணல் வேறு பாடம். முல்லைத்தீவுக் கரையிலும் பூநகரியின் மணற்பகுதிகளிலும் மெல்லிய ரயர் வெட்டிக்கொண்டு புதையும் இடத்தில், அகன்ற ரயர் பரந்து மேலே மிதக்கிறது. அதற்கு 10 முதல் 12 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். இந்த அழுத்தத்தில் கல்லையோ வேரையோ வேகமாக மோதினால் ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பக்கத்தில் பக்கமாக இரண்டு ஓட்டைகள் விழும். ஆகவே மணல் முடிந்ததும் இறங்கி மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். மணலுக்குள் நுழையும் முன்பே இலகுவான கியருக்கு மாறி, உடலைச் சற்றுப் பின்னே தள்ளி, கைப்பிடியை இறுக்காமல் பிடித்து, ஒரே சீராக மிதியுங்கள். முன்சக்கரம் இரு பக்கமும் அலைவது இயல்பு. அதை ஒவ்வொரு தடவையும் திருத்த முயன்றால்தான் விழ நேரும். பார்வை சக்கரத்தின் மேல் அல்லாமல் பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி இருக்கட்டும். நின்றுவிட்டால் மிக இலகுவான கியரில் மறுபடி கிளம்ப முயலாதீர்கள். பின்சக்கரம் சுழன்று குழி தோண்டும். ஒரு படி கடினமான கியரில், மெதுவாக அழுத்திக் கிளம்புவதே வழி. அலை நனைத்து இறுகிய ஈரமணல் தார் வீதியைப் போல ஓடக் கூடியது. ஆனால் உப்பு நீர் செயினை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள்.

குளக்கட்டுகள் இந்தச் சைக்கிளுக்கு மிக இனிமையான பாதை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களின் கட்டுகளில் மக்கள் வழக்கமாகப் போய்வரும் பகுதிகளைத் தெரிவுசெய்யுங்கள். மாரியில் மாடுகள் பதித்த குளம்படிகள் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும். அகன்ற ரயர் அவற்றின் மேல் உருண்டு போகும்போதுதான் அதன் அருமை முழுதாகத் தெரிகிறது. மழை பெய்து கட்டு ஊறியிருக்கும் நாட்களில் மட்டும் அதன் மேல் ஓடாதீர்கள். சக்கரத் தடம் விழுந்த இடத்தில் நீர் ஓடி மண்ணை அரிக்கும். அந்தக் கட்டை நம்பித்தான் கீழே வயல்கள் இருக்கின்றன. துருசடியிலும் வான் பாயும் இடத்திலும் பாசி படிந்த கொங்கிரீற்றில் இறங்கி நடப்பதே நன்று.

அகன்ற ரயர் தோற்றுப்போகும் தரையும் வன்னியில் உண்டு. முருங்கன் பக்கத்துக் கருங்களி மண் கோடையில் வெடித்து ஓடத்தக்கதாக இருக்கும். ஒரு மழை பெய்தால் ரயர் களியின் மேலே மிதந்து பிடிமானம் இழப்பதோடு, ஒட்டிய களி கவைக்கும் ரயருக்கும் நடுவே அடைந்து சக்கரத்தையே பூட்டிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை அந்தப் பாதைகளை விட்டு, கிறவலையும் தாரையும் நம்புங்கள். தார் வீதியில் 20 பிஎஸ்ஐ வரை அடித்துக்கொண்டால் இழுவை குறையும். மன்னாரிலிருந்து பூநகரி வழியே செல்லும் ஏ-32 வீதி போன்ற வெட்டையில் சோளகக் காற்றை எதிர்த்து ஓடுவது எப்படியும் கடினம். போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் அமையும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள்.

இங்கே எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அகன்ற ரயர் எங்கும் போகும் என்பதற்காக எங்கும் போகக் கூடாது. 2009இல் போர் முடிந்த பின்னரும் மிதிவெடி அகற்றும் பணி நீண்ட காலம் தொடர்ந்த நிலம் இது. மண்டையோட்டுக் குறியுடன் சிவப்புப் பலகையோ சிவப்பு நிறம் பூசிய கம்புகளோ தெரிந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் இன்றும் நடந்து, மாடு சாய்த்து, உழவு இயந்திரம் ஓட்டிப் புழங்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். பற்றை மூடிய பழைய பாதையைக் கண்டால் முதலில் அருகிலுள்ள வீட்டிலோ வயலிலோ இருப்பவரிடம் கேளுங்கள். ஒதுங்க நேர்ந்தாலும் தடத்தின் மேலேயே ஒதுங்குங்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை நடமாட்டமும் உண்டு. அகன்ற ரயர் மண்ணில் ஓசையின்றி ஓடுவதால் வளைவில் திடீரென்று யானைக்கு முன்னால் போய் நிற்க நேரலாம்; வளைவுகளுக்கு முன்பு மணியடியுங்கள். ஈரம் காயாத இலத்தியைக் கண்டால் திரும்பிவிடுங்கள். விடியலுக்கு முன்பும் பொழுது சாயும்போதும் அந்த வீதிகள் வேண்டாம்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை: அளவி, பம்ப், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, ஒட்டுச் சாமான், தண்ணீர், அந்த அளவுக்கே உரிய மாற்று ரியூப் ஒன்று. சிறு சந்திகளின் சைக்கிள் கடைகளில் 2.8 அங்குல ரியூப் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒடுங்கிய ரியூப்பைப் போட்டால் அது இழுபட்டு மெலிந்து எளிதில் துளைபடும். வீடு சேரும்வரை மட்டுமே அதை நம்பலாம். ரியூப் இல்லாமல் அடைப்புத் திரவம் ஊற்றி ஓடும் முறை முள்ளுக்கு நல்ல மாற்று. ஆனால் எமது வெக்கையில் அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் தவறாமல் பார்த்து நிரப்ப வேண்டும்.

விடத்தல், உடை, ஈச்சை, நெருஞ்சி என முள்ளுக்கு வன்னியில் பஞ்சமில்லை. அகன்ற ரயர் அகன்ற தடத்தில் ஓடுவதால் முள்ளையும் கூடுதலாகவே பொறுக்குகிறது. காற்று இறங்கினால் ரியூப்பைக் கழற்றி, சற்றுக் காற்றடித்து, நீர் நிரப்பிய சட்டிக்குள் பகுதி பகுதியாக அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தைக் குறித்து, அதற்கு நேரே ரயரில் எந்த இடம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டுப் போட்டவுடன் ரியூப்பைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். பஞ்சுத் துண்டொன்றால் ரயரின் உட்பக்கத்தை ஒரு சுற்று மெதுவாகத் துடைத்தால், வெளியே முறிந்து உள்ளே நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் விடத்தல் முள்ளில் பஞ்சு சிக்கும். அதைக் குறட்டால் உள்ளிருந்தே இழுத்தெடுத்து, மறுபடி ஒரு சுற்றுத் துடைத்து, பஞ்சு எங்கும் சிக்காத பிறகு ரியூப்பைப் போடுங்கள்.