படம் வரைந்த அட்டையில் ஸ்பானிஷ்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஸ்பானிஷ் கற்கும் நண்பர்கள் கையால் படம் வரைந்த தபால் அட்டைகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது அருமையான பயிற்சி. ஆனால் பலர் ஆங்கிலத்தில் நாலு வரி யோசித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே எழுதி, மிச்ச இடத்தில் ஒரு பூவை வரைந்துவிடுகிறார்கள். அட்டை அழகாகத்தான் இருக்கும். பயிற்சி எடுத்தது செயலி.

முதலில் படத்தை வரையுங்கள். அப்புறம் அதில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். தெரிந்த சொற்களே போதும். நாற்காலிக்கு அடியில் ஒரு பூனை என்று வைத்துக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘இருக்கிறது’தான். ஸ்பானிஷில் ஒரு பூனை இருக்கிறது என்று அறிமுகப்படுத்த ‘ஆய் உன் காத்தோ’. அந்தப் பூனை எங்கே என்று சொல்ல ‘எல் காத்தோ எஸ்தா தெபாஹோ தெ லா சியா’. இரண்டையும் குழப்பி ‘எஸ்தா உன் காத்தோ’ என்று நானே எத்தனையோ அட்டைகளில் எழுதியிருக்கிறேன்.

ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவது இதைவிடப் பெரிய வம்பு. ‘எனக்கு மழை பிடிக்கும்’ என்பது ஸ்பானிஷில் ‘மே குஸ்தா லா யூவியா’. ‘எனக்கு’ம் ‘பிடிக்கும்’மும் நம் வாக்கியத்தில் இருப்பது போலவே அங்கேயும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் யோசிப்பவர்தான் ‘யோ குஸ்தோ’ என்று எழுதி மாட்டிக்கொள்வார். ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறதல்லவா? ஸ்பானிஷ் வினைக்கும் அந்த வால் உண்டு; ஒவ்வொரு வரியையும் ‘யோ’ போட்டுத் தொடங்க வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். மேகமானாலும் மேகங்களானாலும் நமக்கு ‘பிடிக்கும்’தான், அங்கே பன்மை வந்தால் ‘மே குஸ்தான் லாஸ் நூபெஸ்’.

இறந்தகாலம் இரண்டு வகை என்றதும் பலர் நிகழ்காலத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அட்டை இதற்கு நல்ல துணை. பின்னணியில் பூசிய வண்ணமெல்லாம் ‘யோவீயா’, அதாவது மழை பெய்துகொண்டிருந்தது. முன்னால் வரைந்த ரயில் ‘யேகோ’, வந்து சேர்ந்தது. எந்த வினை எந்த வகை என்று தடுமாறினால் படத்தைப் பாருங்கள்.

பிறந்தநாள் அட்டையில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஞ’ ஒலி தரும் ஸ்பானிஷ் எழுத்தின் தலைமேல் சின்ன அலைக்கோடு ஒன்று உண்டு. அதை மறந்தால் ஆண்டு என்று பொருள்படும் ‘ஆஞோ’, ‘ஆனோ’ ஆகிவிடும். அதற்கு ஆசனவாய் என்று பொருள். ‘எனக்கு 30 வயது’ என்று சொல்ல வந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே பாருங்கள். உறையில்லாத அட்டை, போகிற வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

விளிப்பிலும் சில வழக்கங்கள் உண்டு. தோழன் என்றால் ‘கெரிதோ’, தோழி என்றால் ‘கெரிதா’. பெயருக்குப் பின் காற்புள்ளி அல்ல, முக்காற்புள்ளி. கேள்வியின் தொடக்கத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி கட்டாயம். ஸ்பானிஷ் மொழி அகாடமி 1754-லேயே கொண்டுவந்த வழக்கம் அது.

அப்புறம் சிவப்புப் பேனா. நண்பரின் அட்டையில் ஐந்து பிழைகளை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. அவர் தவறாக எழுதிய சொல்லை இப்போது என் பதிலில் சரியாக எழுதிவிடுகிறேன். அடுத்த அட்டையில் பெரும்பாலும் திருந்திவிடுகிறது.

தண்ணீரில் கரையும் மையால் எழுதி, மேலே வாட்டர்கலர் பூசாதீர்கள். அலைக்கோடுதான் முதலில் கரையும். தபாலில் போடும் முன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிழைகளெல்லாம் நண்பரின் மேசை இழுப்பறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பப் பார்க்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.