அகன்ற முதுகுக் குதிரைக்கு ட்ரீலெஸ் சேணம்: பட்டியை இறுக்கித் தீராத பிரச்சினை

போன மாதம் பாசிக்குடாக் கடற்கரையில் இரண்டு பெடியன்கள் புதிதாக வாங்கிய பெண் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முழங்காலை அதன் வயிற்றில் ஊன்றி, சேணத்தை வயிற்றோடு கட்டும் பட்டியை இழுக்கிறான், மற்றவன் "இன்னும் ஒரு ஓட்டை, இன்னும் ஒரு ஓட்டை" என்கிறான். குதிரை காதைப் பின்னால் மடித்து, கழுத்தைத் திருப்பி இழுப்பவனின் தோளைக் கடிக்கப் பார்க்கிறது. 12 வருடங்களுக்கு முன் இதே கரையில் நானும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு நின்றேன். அதனால்தான், அகன்ற முதுகுக் குதிரைக்கு ட்ரீலெஸ் சேணம், அதாவது உள்ளே சட்டம் இல்லாத சேணம், போடுபவர்கள் செய்யும் பிழைகளை எழுதுகிறேன்.

மணல் ஒட்டிய துணியை முதுகில் விரிப்பது, கடிவாளத்தை முறுக்கி மாட்டுவது போன்றவற்றை யாரும் ஒரு கிழமையில் திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"சட்டம் இல்லை, ஆகவே எல்லா முதுகுக்கும் பொருந்தும்"

வழமையான சேணத்துக்குள் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த ஒரு சட்டம் இருக்கும். முதுகெலும்பின் இரு பக்கமும் நீளவாக்கில் படுத்துக்கொண்டு, ஏறியவரின் பாரத்தை அது பரப்பிக் கொடுக்கும். ட்ரீலெஸ் சேணத்தில் அது இல்லை. மெத்தென்று இருப்பதால் குதிரைக்குச் சுகம் என்று விற்பவர்கள் சொல்வார்கள், பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், பரப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாததால் நாம் உட்காரும் இடத்துக்குக் கீழேயே பாரம் குவியும். 2012இல் வெளியான அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் இரண்டு வகைச் சேணங்களுக்கும் அடியில் அழுத்தம் அளக்கும் விரிப்பை வைத்துப் பார்த்தார்கள். ட்ரீலெஸ் சேணத்தில் பாரம் குறைந்த பரப்பில், முதுகின் நடுப்பகுதியிலேயே கூடுதலாக விழுந்தது. அதற்காக இந்தச் சேணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் இன்றும் அதில்தான் ஏறுகிறேன். ஆனால் அளவெடுக்காமல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதுவும் மேசை போல அகன்ற முதுகாக இருந்தால், கட்டாயம் அளவெடுக்க வேண்டும். வீட்டு மின்வேலைக்குப் பாவிக்கும் உறை போட்ட தடித்த செப்புக் கம்பி போதும். தோள் எலும்பின் பின்விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி ஒன்று, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒன்று, கடைசி விலாவுக்கு நேரே ஒன்று. மூன்று இடத்திலும் கம்பியை முதுகின் மேல் அழுத்தி வளைத்து, கார்ட்போர்ட்டில் வரைந்து வெட்டி, திகதி போட்டு வையுங்கள். முதல் அட்டையைச் சேணத்தின் முன்வளைவுக்குள், அதாவது முன்பக்கத்தில் முதுகின் மேல் கவிந்து நிற்கும் வளைவுக்குள், பிடித்துப் பாருங்கள். வளைவு அட்டையை விடக் குறுகலாக இருந்தால் அந்தச் சேணம் வேண்டாம். சில கம்பனிகள் முன்வளைவை மட்டும் கழற்றி அளவு மாற்றக்கூடியதாகச் செய்கின்றன, காசு கொஞ்சம் கூடினாலும் அகன்ற குதிரைக்கு அதுதான் நல்லது. மாரியில் புல் தின்று குதிரை கொழுக்கும், வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் மெலியும். வருடத்துக்கு இரண்டு தரமாவது அட்டையைத் திரும்ப வைத்துப் பாருங்கள்.

உருளும் சேணத்தைப் பட்டியால் அடக்கப் பார்ப்பது

இந்த ஒரு பிழையைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

என் குதிரை செம்பியை நுவரெலியாவிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் மற்றக் குதிரைகளுக்கு ஒரு மேடு இருக்கும், அதுதான் சேணம் பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்வது. செம்பிக்கு அந்த மேடே இல்லை, முதுகு பீப்பாய் மாதிரி. அவளுக்கென்று அளவெடுக்காமலே வெளிநாட்டிலிருந்து ஒரு ட்ரீலெஸ் சேணத்தை எடுப்பித்தேன். அப்போது என்னிடமிருந்த சேமிப்பில் பெரும்பகுதி அதில் போனது. முதல் நாளே சவாரிக்கு வந்த ஒருவர் இடது அங்கவடியில் கால் வைத்து ஏறும்போது சேணம் அவரோடு சேர்ந்து இடப்பக்கம் வந்துவிட்டது. நான் பட்டியை ஒரு ஓட்டை இறுக்கினேன். அடுத்த நாளும் உருண்டது, இன்னொரு ஓட்டை. அப்புறம் அடியில் ஒரு தடித்த பேட் வைத்தேன், இன்னும் மோசமாக உருண்டது, இன்னும் இறுக்கினேன். இப்படியே ஆறு கிழமை.

அந்த ஆறு கிழமையும் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே நகர்ந்து நிற்பாள். பட்டியைத் தொட்டால் கடிக்க வருவாள். நடை குறுகிவிட்டது. நான் அதைப் பழக்கக்குறைவு என்று எடுத்துக்கொண்டு அதட்டினேன். முழங்கைக்குப் பின்னால் தோல் உரிந்து புண்ணாகியது, முதுகில் இரண்டு பக்கமும் வீங்கியது, பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்தது. அழுத்தத்தில் முடியின் வேர் பழுதானால் நிறமில்லாத முடிதான் வரும், அது திரும்பப் பழைய நிறத்துக்குப் போகாது. அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் அவள் முதுகில் இன்றும் இருக்கின்றன, தேய்த்துவிடும்போதெல்லாம் என் கை அதில் படுகிறது.

படுவான்கரையில் மாட்டு வண்டில் வைத்திருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். குதிரையே அவருக்குப் பழக்கமில்லை. முதுகில் கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறுக்கினா நிக்குமெண்டு நினைக்காத மகன். கழுத்தில நுகம் கிறுகினா நாங்க கயித்த இறுக்கிறல்ல, நுகத்தச் செதுக்கிற." மூன்று மாதம் செம்பியின் மேல் யாரையும் ஏற்றவில்லை. அந்த வருடத்துச் சவாரிச் சீசன் அப்படியே போனது. சேணத்தை வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றேன்.

ஏன் இறுக்கினால் நிற்காது? குறுகிய முன்வளைவு அகன்ற முதுகில் முழுதாக அமராது, இரண்டு ஓரங்களில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். பானையின் மேல் குறுகிய மூடியை வைத்தது மாதிரி, எந்தப் பக்கம் தட்டினாலும் சாயும். பட்டியை இறுக்க இறுக்க அந்த ஓரங்கள் சதைக்குள் புதையும், சட்டம் இல்லாததால் நடுவில் இருக்கும் ஃபோம் நேரே முதுகெலும்பின் மேல் இழுபடும். அதோடு மூச்சு. ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தபோது, பட்டியின் இறுக்கம் கூடினால் அவை சீக்கிரமே களைத்துப்போயின. நம் வெயிலில், கால் புதைகிற மணலில் நடக்கும் குதிரைக்கு அது எவ்வளவு பாரம் என்று யோசியுங்கள்.

உருண்டால் பட்டியை விட்டுவிட்டு வேறு இடங்களைப் பாருங்கள். முன்வளைவு அகலமா என்று முதலில். அடுத்து, நிலத்திலிருந்து ஏறுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு பக்க அங்கவடியில் முழு உடம்பும் தொங்கும்போது எந்தச் சேணமும் இழுபடும், சட்டம் இல்லாதது இன்னும் கூட. இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் ஒரு பலகை போட்டால் போதும், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். பிறகு, இரண்டு அங்கவடி வாரும் ஒரே நீளமா என்று கழற்றி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். ஏறும் பக்கத்து வார் நாளடைவில் நீண்டுவிடும், அதை யாரும் கவனிப்பதில்லை. கடைசியாக ஏறுபவரின் உடம்பு. அகன்ற குதிரையில் தொடை விரிந்து இடுப்பு வலிக்கத் தொடங்கினால் ஆள் தன்னை அறியாமலே ஒரு பக்கம் சரிவார், சேணமும் கூடவே போகும். தொடைக்குக் கீழே மெல்லியதாக இருக்கும் சேணத்தில் அந்த நோவு குறையும்.

பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அந்த இறுக்கத்தில், கல்லின் மேல் நின்று மெதுவாக ஏறி, வளைந்து வளைந்து நடந்து பார்த்தும் சேணம் நடுவில் நிற்கவில்லையென்றால் அது உங்கள் குதிரையின் சேணம் இல்லை.

பேட் மேல் பேட்

வேண்டாம். உயரம் கூடினால் உருளுதல் கூடும். நடுவில் பள்ளம் விட்ட, மெல்லிய, இறுக்கமான ஒன்று போதும்.

முதுகெலும்புக்கு மேல் பள்ளம் தேவையில்லை என்று நினைப்பது

அகன்ற குதிரைக்கு முதுகெலும்பின் இரு பக்கமும் சதை எழும்பி நடுவில் வாய்க்கால் மாதிரி இருக்கும், எலும்பே வெளியில் தெரியாது. அதனால் பள்ளம் இல்லாத சேணத்தை நேரே போட்டுவிடுகிறார்கள். ஆள் ஏறியதும் ஃபோம் அமுங்கி அந்த வாய்க்காலுக்குள் இறங்கும். ஒருவரை ஏற்றிவிட்டு, முன்னாலிருந்து உங்கள் கையை முதுகெலும்பு வழியே உள்ளே விட்டுப் பாருங்கள். கை நெரிந்தால் குதிரைக்கும் நெரிகிறது.

அங்கவடி எங்கே தொங்குகிறது

மலிவான ட்ரீலெஸ் சேணங்களில் ஒரு மெல்லிய பட்டி முதுகின் குறுக்கே போய், அதன் இரு நுனியிலும் அங்கவடி தொங்கும். அங்கவடியில் எழுந்து நிற்கும் ஒவ்வொரு தரமும் முழுப் பாரமும் அந்த ஒடுங்கிய பட்டியின் வழியே முதுகில் இறங்கும். ட்ரொட் என்னும் துள்ளு நடையில் எழும்பி எழும்பி உட்காருபவர்கள் இதைக் கட்டாயம் சேணத்தைப் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். அகன்ற தளத்தில் பிணைத்ததாக இருக்கட்டும்.

நீளம்

சேணம் கடைசி விலாவைத் தாண்டக் கூடாது.

பாரம்

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 வீதத்துக்குள் என்பது பழைய கணக்கு. 2008இல் வெளியான ஒஹையோ ஆய்வு ஒன்றிலும், 25, 30 வீதம் சுமந்த குதிரைகளுக்குத்தான் பிறகு தசைநோவு கூடுதலாக இருந்தது. 400 கிலோக் குதிரைக்கு 80 கிலோ, அதில் சேணமும் அடக்கம். ட்ரீலெஸ் என்றால் நான் அதிலும் குறைத்துத்தான் ஏற்றுவேன். வரும் ஆள் தூரத்திலிருந்து வந்திருந்தாலும், கூடக் காசு தருவதாகச் சொன்னாலும், இல்லை என்று சொல்லப் பழக வேண்டும்.

வியர்வையைப் பார்க்காமல் கழுவிவிடுவது

சேணத்தைக் கழற்றியதும் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர் வெக்கையில் அரை மணித்தியால நடையிலேயே முதுகு முழுக்க நனையும், ஆகவே இங்கே வியர்வை நன்றாகவே கதை சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. நனைந்த இடத்துக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்கு உலர்ந்த திட்டு இருந்தால், ஒன்றில் அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது வியர்வை கூட வராத அளவுக்கு அழுத்துகிறது. விரலால் அழுத்துங்கள். குதிரை முதுகை இறக்கினால் இரண்டாவதுதான்.

ஃபோமையும் மாதம் ஒரு தரம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உப்புக்காற்றிலும் வியர்வையிலும் அது சீக்கிரம் செத்துப்போகும். அழுத்திய பள்ளம் மேலே எழும்பவில்லையென்றால் மாற்ற வேண்டும்.

அந்தப் பெடியன்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன், குதிரையோடு வந்தார்கள். கம்பியை வளைத்து அட்டை வெட்டி, அவர்களுடைய சேணத்தின் முன்வளைவுக்குள் வைத்தோம். அட்டை உள்ளே போகவே இல்லை, ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பட்டியை இழுத்தவன் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, குதிரையை வெறும் முதுகோடு கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.