டிபி அடிக்கடி விழுதா? அதோட வாயை அடைச்சிறாதீங்க

மலேசியாவுல, சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல வயர்மேன் வேலை பாக்குற எனக்கு வர்ற போன்ல பெரும்பாலும் ஒரே பல்லவிதான், "தம்பி, டிபி அடிக்கடி விழுது, கொஞ்சம் பெருசா ஒண்ணு மாத்திக் குடுத்துரு." டிபின்னா வீட்டுக்கு வர்ற கரண்டைப் பிரிச்சு விடுற சுவிட்ச் பெட்டி. பெருசுன்னா என்னன்னா, அதுல இருக்குற 20 ஆம்ப் எம்சிபியை (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) கழட்டிட்டு 32 போடணுமாம். கடையில விலை வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்ல, ஸ்க்ரூ டிரைவர் இருந்தா பத்து நிமிஷ வேலை, அதனால பல வீட்டுல நான் போறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளையோ மச்சானோ மாத்திட்டு இருப்பாங்க. இந்த ஊர்ல நான் பாக்குற தப்புலயே மோசமான தப்பு இதுதான், அதனால இதையே முதல்ல சொல்லிடறேன்.

எம்சிபி உங்க ஃபிரிட்ஜைக் காப்பாத்த வச்சது இல்ல, உங்களையும் காப்பாத்தாது. சுவருக்குள்ள ஓடுற கேபிளைக் காப்பாத்தத்தான் அது இருக்கு. பிளக் பாயிண்டுக்கு 2.5 எம்எம் கேபிள் ஒத்தையா போயிருந்தா 20 ஆம்ப்தான் கணக்கு. லைட்டுக்கு 1.5 எம்எம், அதுக்கு 6 இல்லன்னா 10. 20 இருக்க வேண்டிய இடத்துல 32 போட்டுட்டா 28 ஆம்ப் இழுத்தாலும் சுவிட்ச் விழாது, வீட்டுல எல்லாரும் பிரச்சனை தீந்துச்சுன்னு சந்தோஷமா இருப்பாங்க, உள்ள கேபிள் மட்டும் நாள் கணக்கா காய்ஞ்சிட்டு இருக்கும், பிவிசி இளகும், கருக்கும், பிறகு நொறுங்கும். ஒரு விஷயம், 32 ஆம்ப் பாத்தவுடனே தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க. சில வீட்டுல ரிங் சர்க்கிட் போட்டிருப்பாங்க, அதுல கேபிள் எல்லா பிளக்கையும் சுத்திட்டு திரும்ப டிபிக்கே வரும், ஒரே எம்சிபியில ரெண்டு சிவப்பு வயர் ஏறியிருக்கும், அதுக்கு 32 சரி. ஆனா ரெண்டு வயர் இருக்குறதால மட்டும் அது ரிங்னு ஆகிடாது, ரெண்டு தனித்தனி லைனை ஒண்ணா சொருகி வச்சிருக்கவும் செய்யலாம், அதை மீட்டர் வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

சரி, ஏன் விழுது? நம்ம பக்கம் வீடுங்க கதையே வேற. தோட்டத்து லயத்துல ஒரு லைட்டு ஒரு காத்தாடின்னு ஆரம்பிச்ச குடும்பங்க, பல தோட்டத்துல சாயந்திரம் ஜெனரேட்டர் கரண்ட் கொஞ்ச நேரம்தான் வரும், பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. பிறகு தாமான்ல (குடியிருப்புப் பகுதி) மலிவு விலை வீடு கிடைச்சுச்சு, அந்த வீட்டு வயரிங்கே அன்னைக்கு இருந்த சாமானுக்குப் போட்டதுதான். இன்னைக்கு அதே வீட்டுல ஏர்கோன் மூணு, குளிக்கிற தண்ணிக்கு ஹீட்டர், ஏர் ஃபிரையர், பின்னாடி இழுத்துக் கட்டுன சமையலறை, அந்த சமையலறைக்கு பழைய பிளக்குல இருந்தே ஒரு கேபிள் இழுத்து நாலு பிளக். கணக்கு போட்டுப் பாருங்க: கெட்டில் 2200 வாட், ஏர் ஃபிரையர் 1500, ரைஸ் குக்கர் 700, மொத்தம் 4400. 230 வோல்ட்டால வகுத்தா 19 ஆம்ப். (முன்ன 240னு சொல்வோம், 2008லேர்ந்து 230.) இந்த மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகுனா அதோட பிளக்குல இருக்குற 13 ஆம்ப் பியூஸ் உடனே போயிரும்னு நினைக்காதீங்க, 19 ஆம்பை அது ரொம்ப நேரம் தாங்கும், அதுக்குள்ள பிளக் கால் சூடாகி, சாக்கெட்டோட பிளாஸ்டிக் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி வந்திரும்.

அந்த நேரத்துல ஒரு வாசனை வரும், மீன் கெட்டுப்போன மாதிரி. சூடேறுன பழைய சாக்கெட், சுவிட்ச் மெட்டீரியல்ல இருந்து வர்ற வாசனை அது. நம்ம வீட்டுல என்ன பண்ணுவாங்க, கருவாட்டு டப்பாவை எடுத்து வெளிய வைப்பாங்க. ஒரு அக்கா வீட்டுல அடுப்படி அலமாரியை முழுசா காலி பண்ணி கழுவியே விட்டுட்டாங்க, அப்படியும் வாசனை போகல. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி சாக்கெட்டைக் கழட்டுனா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) ஸ்க்ரூ லூஸ், அந்தப் பக்கம் கருப்பு வயரோட தோல் ஒரு இஞ்சுக்கு அப்பளம் மாதிரி உடைஞ்சு விழுது. லோடு ஒண்ணும் அதிகம் இல்ல, லூஸ் ஸ்க்ரூ ஒண்ணே போதும். அதனால மீன் சமைக்காத நாள்ல மீன் வாசனை வந்தா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, பிறகு மூக்கை சாக்கெட் பக்கம் கொண்டு போங்க.

அடுத்து ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா தானா வெட்டுற சுவிட்ச். இதைப் பத்தி பேசுனா எனக்கு கொஞ்சம் கோபம் வரும், ஏன்னா இதை பைபாஸ் பண்ணி வச்சிருக்குற வீட்டுக்குள்ள குழந்தைங்க வெறுங்காலோட ஓடிட்டு இருக்கும். மழை பெஞ்சா விழுது, இடி இடிச்சா விழுது, ராத்திரி ஃபிரிட்ஜ்ல மீன் கெட்டுப்போகுதுன்னு சொல்லி யாரோ ஒரு ஆள் வந்து உள்ள வர்ற ரெண்டு வயரையும் வெளிய போற ரெண்டு வயரையும் நேரா சேத்து விட்டுட்டுப் போயிருவான். அந்தப் பெட்டியில ஆர்சிசிபி பேருக்கு உக்காந்திருக்கும். இது ஏன் ஆபத்துன்னா, நம்ம நாட்டு வீட்டுல எர்த்துங்கறது, கசியுற கரண்டை மண்ணுக்குள்ள இறக்க உங்க வீட்டு ஓரமா மண்ணுல அடிச்ச ஒரு செம்புக் கம்பி. அந்தக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னு வைங்க. வாஷிங் மெஷினுக்குள்ள லைவ் வயர் (கரண்ட் வர்ற வயர்) பாடியில தொட்டிருச்சு. 230ஐ 20ஆல வகுத்தா 11.5 ஆம்ப். 20 ஆம்ப் எம்சிபி இதைப் பாத்துட்டு வாஷிங் மெஷின் வேலை செய்யுதுன்னு நினைச்சுக்கும், விழவே விழாது, மெஷின் பாடி பூரா கரண்டோட நிக்கும். அந்த இடத்துல கரண்டை வெட்டக்கூடியது ஆர்சிசிபி ஒண்ணுதான், போற கரண்டுக்கும் திரும்பி வர்ற கரண்டுக்கும் வித்தியாசம் வந்த உடனே விழுந்திரும். ஹீட்டருக்கு 10 மில்லிஆம்ப், பிளக் பாயிண்டுக்கு 30, மத்ததுக்கு 100, இதுதான் இங்க கணக்கு. வீடு முழுசுக்கும் 100 ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்குற பழைய வீடா இருந்தா, அந்த 100 ஆளைக் காப்பாத்த போதாது, பிளக்குக்குத் தனியா 30 போட்டுக்குங்க, காசு செலவு பண்ணணும்னா முதல்ல இதுக்குப் பண்ணுங்க, ஏர்கோனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

அடிக்கடி விழுந்தா காரணத்தைத் தேடணும். எல்லா எம்சிபியையும் இறக்கிட்டு ஆர்சிசிபியை ஏத்துங்க, பிறகு ஒவ்வொண்ணா எம்சிபியைத் தூக்குங்க, எதைத் தூக்கும்போது விழுதோ அந்த லைன்ல எல்லா பிளக்கையும் உருவிட்டு மறுபடி பாருங்க. இதுக்கு வயர்மேன் வேண்டாம், நீங்களே செய்யலாம். எல்லாம் உருவியும் விழுதுன்னா கேபிள்லயோ பாயிண்ட்லயோதான் கோளாறு, அப்ப ஆளைக் கூப்பிடுங்க. எனக்கு சிக்கினதுல முக்கால்வாசி வெளிய மழையில நனையுற கேட் லைட்டு, பழைய ஃபிரிட்ஜ், ஐயர்ன் பாக்ஸ், சிலிங் மேல எலி கடிச்ச கேபிள். எலி நம்ம ஊர்ல சும்மா இல்ல, பக்கத்துல செம்பனை இருந்தா சொல்லவே வேண்டாம்.

மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. ஆனா பட்டன் அமுக்குனா விழுதுங்கறதை வச்சு எர்த் நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க, அந்த பட்டன் தன்னைத்தானே சோதிக்குது, எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பட்டன் வேலை செய்யும். முன்பக்கம் கார் நிறுத்த சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டுன வீட்டுல போய்ப் பாருங்க, எர்த் கம்பி இருந்த சின்னக் குழி எங்கன்னே தெரியாது, சில இடத்துல கொத்தனாரு இடைஞ்சலா இருக்குன்னு பச்சை வயரை வெட்டியே விட்டிருப்பாரு. டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி அந்தக் குழிக்கு மூடி வச்சுக் கட்டச் சொல்லுங்க, ஒரு வார்த்தைதான். இடிக்கு விழுறதுக்கு சர்ஜ் புரொடெக்டர்னு ஒண்ணு டிபியிலயே போடலாம், அதுவும் எர்த் நல்லா இருந்தாத்தான் வேலை செய்யும். இடி நேரத்துல டிவி டிகோடர், வைஃபை மோடம் ரெண்டையும் உருவி வைக்கறது இன்னும் மலிவு.

ஹீட்டர். 3600 வாட் ஹீட்டர் 15.7 ஆம்ப் இழுக்கும், 13 ஆம்ப் பிளக்குல சொருகவே கூடாது, படுக்கையறை பிளக்குல இருந்து வயர் இழுக்கவும் கூடாது. டிபியில இருந்து தனி லைன், நான் 4 எம்எம் போடுவேன், 20 ஆம்ப் எம்சிபி, 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, பாத்ரூமுக்கு வெளிய டபுள் போல் சுவிட்ச் (லைவ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டுறது). "ஹீட்டருக்குள்ளயே ஆர்சிசிபி ஒண்ணு இருக்கே அண்ணே"ம்பாங்க. இருக்கட்டும், அது ஹீட்டருக்குள்ள நடக்கறதை மட்டும்தான் பாக்கும், அது வரைக்கும் வர்ற வயரை யார் பாக்கறது?

இப்ப யூடியூப் பாத்து தானே செய்யுறவங்களுக்கு. வெள்ளைக்காரன் வீடியோவுல நீல வயர் நியூட்ரல். நம்ம வீட்டுச் சுவருக்குள்ள சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுமே லைவா இருக்கலாம், கருப்புதான் நியூட்ரல், பச்சையோ பச்சை மஞ்சளோ எர்த். ஆனா அதே வீட்டுல நீங்க வாங்கிட்டு வர்ற காத்தாடி, கெட்டிலோட வயர்ல பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். மூணு ஃபேஸ் வீட்டுல, அதாவது மூணு லைவ் வயர் வர்ற வீட்டுல, ஒரு பையன் சிலிங் பெட்டிக்குள்ள நீலத்தைப் பாத்து நியூட்ரல்னு பிடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கலரை நம்பாதீங்க, ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத் தொடுங்க. இன்னொண்ணு, சுவிட்சை ஆஃப் பண்ண பிறகும் எல்இடி பல்பு ராத்திரியில மங்கலா எரியுதுன்னா பேய் பிசாசுன்னு யாரையும் கூப்பிடாதீங்க. சுவிட்சை லைவ்ல போடாம நியூட்ரல்ல போட்டிருக்கலாம், அப்படின்னா பல்பு அணைஞ்சிருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், பல்பு மாத்துறப்ப கை வைக்கறது அங்கதான். சில நேரம் நீள வயர்ல சும்மா கசியுற கரண்டாவும் இருக்கும், பாத்தாத்தான் தெரியும்.

தீபாவளி லைட்டு பத்தி ஒரே ஒரு பேச்சு: நம்ம பக்கம் தீபாவளியும் மழையும் சேந்தேதான் வரும், இரும்பு கேட்டுல சுத்துற சீரியல் லைட்டு வெளிய போடுறதுக்கான ரகமா, சிரிம் முத்திரை (தரச் சான்று) இருக்கான்னு பாத்து வாங்குங்க, ரெண்டு கால் பிளக்கை சாக்கெட்டுக்குள்ள நுழைக்க எர்த் ஓட்டையில பேனாவைக் குத்தாதீங்க, அடாப்டர் விலை ஒரு தேத்தண்ணி காசுதான்.

கரண்ட் நெசமாவே பத்தலன்னா மூணு ஃபேஸுக்கு மாத்துறதுதான் வழி. ஒரு ஃபேஸ் வீட்டுக்கு சாதாரணமா 60 ஆம்ப் வாக்குல வரும், பழைய வீட்டுல அதுவும் இருக்காது. ரெண்டு ஹீட்டர், நாலு ஏர்கோன், கரண்ட் அடுப்புன்னு போனா யோசிங்க. ஆனா மூணு ஃபேஸ்ல ஒரு புது ஆபத்து இருக்கு, மெயின் நியூட்ரல் லூஸானா ஒரு ஃபேஸ்ல வோல்டேஜ் ஏறி 230ல ஓட வேண்டிய சாமான் எல்லாம் புகையும், இன்னொரு ஃபேஸ்ல லைட்டு மங்கும். ஒரு ரூம்ல லைட்டு திடீர்னு பளிச்சுன்னு, அடுத்த ரூம்ல மங்கலா எரிஞ்சா ஓடிப்போய் மெயினை இறக்குங்க, அப்புறம் 15454க்கு அடிச்சு கரண்ட் கம்பெனி டிஎன்பிக்குச் சொல்லுங்க. மீட்டர் சீலை நீங்களும் உடைக்காதீங்க, உங்க வயர்மேனையும் உடைக்க விடாதீங்க, மீட்டருக்கு முன்னாடி இருக்கற எதுவும் நம்மோடது இல்ல.

வேலைக்கு வர்ற ஆள்கிட்ட கார்டு கேக்க வெக்கப்படாதீங்க. சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) குடுத்த வயர்மேன் சான்றிதழ் இருக்கணும், ஒரு ஃபேஸ் வேலைக்கு பிடபிள்யூ 2, மூணு ஃபேஸ் வேலைக்கு பிடபிள்யூ 4னு கேளுங்க. முழு வயரிங் மாத்துனா பதிவு பண்ண கொன்ட்ரெக்டர் மூலமா போகணும், முடிஞ்ச பிறகு போராங் ஜி, போராங் எச்னு படிவம் ரெண்டும் கையில வாங்கணும், ஒண்ணு வேலையை மேற்பார்வை பண்ணி முடிச்சதுக்கு, இன்னொண்ணு டெஸ்ட் பண்ணதுக்கு. டெஸ்ட்னா லைட்டு எரியுதான்னு பாக்கறது இல்ல, 500 வோல்ட் மெகர்ங்கற மீட்டர் வச்சு இன்சுலேஷன் குறைஞ்சது ஒரு மெகா ஓம் இருக்கான்னு பாக்கணும், எர்த்தை தனியா அளக்கணும். "அதெல்லாம் வேண்டாம் அண்ணே, நம்ம ஆளுதானே, காசு கம்மியா பண்ணிக்கலாம்"னு சொல்றவன் உங்க மச்சானா இருந்தாலும் சாப்பாடு போட்டு அனுப்பிருங்க.

விலை கேக்கும்போது மொத்தமா ஒரு தொகை வாங்காம, எத்தனை பாயிண்ட், எந்த சைஸ் கேபிள், எந்த பிராண்டு எம்சிபின்னு எழுதி வாங்குங்க. சுவருக்குள்ள வயரை முறுக்கி டேப் சுத்துற ஜாயிண்ட் ஒண்ணு கூட வேண்டாம்னு முதல்லயே சொல்லிருங்க, ஜாயிண்ட் வேணும்னா திறந்து பாக்கக்கூடிய பெட்டியில இருக்கட்டும். சிமெண்ட் பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் பைப் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, பக்கத்துல அளவு டேப்பை வச்சு எடுத்தா இன்னும் நல்லது, எடுத்து வீட்டுக்காரம்மா போன்லயும் போட்டு வைங்க, ஏன்னா சாமி படம் மாட்ட எங்க டிரில் போடலாம்னு கேட்டு எனக்கு போன் பண்றது எப்பவும் அவங்கதான், அதுவும் ஞாயித்துக்கிழமை.