மலையடி ஓடைக்கு ஒரு நீர்த்திட்டம்: எங்கே ஊறவிடுவது, எங்கே தேக்குவது

பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் சமதரையில் குடியிருப்பவர்களிடம் வெள்ளம் என்று சொன்னால், 2017 நவம்பர் 4, 5 தேதிகளைத்தான் முதலில் சொல்வார்கள். அதே பகுதியில் ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் மலையடித் தோட்டங்களில் கிணறு இறங்கிப்போகும், ஓடை மெலிந்துவிடும். மேலே பெய்த மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓரிரு மணி நேரத்தில் கீழே வந்து குவிந்துவிடுவதால் வரும் துன்பம்தான் இரண்டும்.

அப்படியென்றால் ஒரு குளம் வெட்டினால் இரண்டும் தீருமே என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. கிணறு ஊற வேண்டுமென்றால் குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். வெள்ளம் தணிய வேண்டுமென்றால் அதே குளம் காலியாகக் காத்திருக்க வேண்டும். இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டுக்கு, புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் காண்பது போன்ற ஒரு சிறிய பகுதியை எடுத்துக்கொள்வோம். உச்சியில் காடு, நடுவில் டுரியானும் செம்பனையும், கீழே தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள். மொத்தம் 20 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 50 ஏக்கர்.

படி 1: எல்லையைக் கண்டுபிடியுங்கள்

வெள்ளம் தொல்லை தரும் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது சாலைக்கு அடியில் ஓடை நுழையும் குழாயாக இருக்கும். கூகுள் எர்த்தில் அங்கிருந்து இரண்டு பக்கமும் மேட்டு முகடுகளைத் தொட்டுக்கொண்டே உச்சி வரை கோடு போடுங்கள். கோட்டுக்குள் விழும் மழையெல்லாம் உங்கள் குழாய்க்குத்தான் வரும். அதுவே நீர்ப்பிடிப்புப் பகுதி.

வரைபடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்தவுடன் ஒருமுறை நடந்து பாருங்கள். தோட்டச் சாலை ஓரத்துச் சாக்கடை ஒன்று பக்கத்துப் பள்ளத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம். அது எந்தப் படத்திலும் தெரியாது.

படி 2: மழையைக் கணக்கிடுங்கள்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இது ஒன்று தெரிந்தால் போதும். 20 ஹெக்டரில் 100 மி.மீ. கொட்டினால் 20,000 கன மீட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு ஓடிவரும் என்பது நிலத்தைப் பொறுத்தது. தோட்டமும் வீடுகளும் கலந்த நிலத்தில், கனமழைக்கு நூற்றுக்கு 40 பங்கு என்று தொடக்கக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக 8,000 கன மீட்டர்.

எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கும் எளிய சூத்திரம் உண்டு. ஓடிவரும் பங்கை மணிக்குப் பெய்யும் மி.மீ. அளவாலும் ஹெக்டராலும் பெருக்கி 360 ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். மணிக்கு 60 மி.மீ. மழை என்றால் 0.4 × 60 × 20 ÷ 360 = 1.33.

உங்கள் வட்டாரத்தின் மழையளவும் ஆற்று மட்டமும் ஜேபிஎஸ் எனப்படும் நீர்ப்பாசன வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 3: மண்ணைக் கேளுங்கள்

30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்கியது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். குழியின் பக்கச் சுவரிலும் நீர் கசியும் என்பதால் இந்த அளவு சற்றுக் கூடுதலாகவே காட்டும். கணக்குக்குப் பாதியை எடுத்துக்கொள்வது நல்லது. அப்படி எடுத்த பிறகும் 13 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஊறவிடும் வேலை அங்கே செல்லும். அதற்குக் கீழே என்றால் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். பல இடங்களில் தோண்டுங்கள். நூறு அடி தள்ளினால் மண் மாறும்.

படி 4: எங்கே எது?

செங்குத்துச் சரிவில் தண்ணீரை ஊறவிடவே கூடாது. ஊறி ஊறி மண் கனத்துச் சரிந்தால் உயிர் போகும். பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் மலைநிலமாகக் கருதப்பட்டு, அங்கே கட்டுமானம் கட்டுப்படுத்தப்படுவதற்கும் காரணம் உண்டு. உச்சியில் காட்டை அப்படியே விடுவதுதான் திட்டம். வெறுமையாகிவிட்ட இடங்களில் மூடுபயிரும் வெட்டிவேரும் போதும்.

நடுவில் சரிவு தணியும் மலையடிதான் ஊறவிட ஏற்ற இடம். அங்கே சம உயரக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே மட்டமாக, அகழி வெட்டலாம். ரப்பர்த் தோட்டக் காலத்திலேயே மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் குழிகள் வெட்டினார்கள்; நம் தாத்தாக்களின் கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. சம உயரம் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். டுரியான் மரத்தடியை மட்டும் விட்டு விலகி வெட்டுங்கள். வேரில் நீர் தேங்கினால் அழுகல் நோய் வந்து மரமே போய்விடும்.

கீழே, கடலோரச் சமதரை பெரும்பாலும் களிமண். நிலத்தடி நீரும் மேலாகவே நிற்கும். ஊறவிட இடமே இல்லை. போதாக்குறைக்குக் கடல் ஏற்றத்தின்போது ஆற்று முகத்து மதகுகளை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் பெய்யும் மழை வெளியேற முடியாது. ஆகவே கீழ்ப்பகுதிக்காக வெட்டுவது, காலியாகக் காத்திருந்து வெள்ளத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் குளமாகத்தான் இருக்க வேண்டும்.

படி 5: அளவைச் சரிபாருங்கள்

50 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம் உள்ள அகழி 15 கன மீட்டர் பிடிக்கும். இப்படி 40 அகழி வெட்டினால் 600 கன மீட்டர். 8,000 கன மீட்டர் வரும் நாளில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

ஆனால் 20 மி.மீ. பெய்யும் சாதாரண மாலை மழையைப் பாருங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் 800 கன மீட்டர்தான். அகழிகள் சரியான இடத்தில் இருந்தால் முக்கால் பங்கைப் பிடித்துவிடும். மண் மணிக்கு 20 மி.மீ. இழுத்தால் 25 மணி நேரத்தில் வற்றி அடுத்த மழைக்குத் தயாராகும். கிணற்றுக்கும் கோடையில் ஓடும் ஓடைக்கும் உணவு இந்தச் சின்ன மழைகள்தான்.

பெருமழைக்கு, தாமானுக்கு மேலே அரை ஏக்கரில் 1 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குளம். ஏறக்குறைய 2,000 கன மீட்டர். மழை உச்சத்தில் இருக்கும்போது வினாடிக்கு அரை கன மீட்டரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் அது நிறுத்திவைக்கும். அடியில் சிறிய குழாய் வைத்து, பிடித்த நீரை மெதுவாக வெளியேற்ற வேண்டும். மேலே, நிரம்பினால் பாதுகாப்பாக வழிய கல் பதித்த கலிங்கு. கலிங்கு இல்லாத கரையைக் கட்டவே கட்டாதீர்கள். கரை உடைந்தால் இயற்கை வெள்ளத்தைவிடக் கொடுமையானது.

படி 6: அனுமதி

1920ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி ஆறுகள் மாநில அரசுக்குச் சொந்தம். ஓடையை மறிப்பதற்கோ திருப்புவதற்கோ முன்பு மாவட்ட ஜேபிஎஸ் அலுவலகத்திலும் நில அலுவலகத்திலும் கேளுங்கள். ஜேபிஎஸ் 2012இல் வெளியிட்ட 'மெஸ்மா' வடிகால் கையேட்டின் இரண்டாம் பதிப்பைத்தான் பொறியாளர்கள் பின்பற்றுகிறார்கள். அகழியை நீங்களே வெட்டலாம். குளக்கரையைப் பொறியாளர் வரைந்து கையெழுத்திட வேண்டும்.

படி 7: கட்டிய பிறகு

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எந்த அகழியிலும் இரண்டு நாளுக்கு மேல் நீர் நிற்கிறதென்றால் அடியில் வண்டல் அடைத்துவிட்டது, சுரண்டி எடுங்கள். பருவ மழை வலுக்கும் ஏப்ரலுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் குளத்துக் குழாயில் சிக்கிய செம்பனை மட்டைகளை அகற்றுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே மலையடிக் கிணறு ஒன்றைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை எழுதிவையுங்கள். முந்திய ஆண்டின் பிப்ரவரி அளவு கையில் இல்லையென்றால் திட்டம் பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.